உள்ளே இறங்குமா, மேலே நிற்குமா? தோல் பூட்ஸை வீட்டிலேயே மாற்றியமைக்க ஓர் அறிமுகம்

தோல் பூட்ஸ் என்று பேச்சு வந்தால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். "எண்ணெய் தடவு, தோல் உயிரோடு இருக்கும்." "கறுப்பு பாலிஷ் போட்டால் கறுப்பாகிவிடும்." "நனைத்துப் போட்டு நட, ஒரு சைஸ் பெரிதாகும்." "அடுப்புப் பக்கம் வை, சீக்கிரம் காயும்." இவற்றில் சில அரை உண்மை, சில பூட்ஸுக்கே உலை வைக்கிற யோசனை. தோல் என்கிற பொருள் எப்படி அமைந்திருக்கிறது என்று தெரியாதவரை இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. நாமோ அதைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே டப்பாவைத் திறந்துவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். வெளிர் பழுப்பு பூட்ஸ் ஒன்றுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றினேன். காய்ந்ததும் பார்க்க அருமையாக இருந்தது. அடுத்த மழையில் கால்சட்டையின் ஓரமெல்லாம் கறுப்பு, பூட்ஸில் திட்டுத் திட்டாகப் பழைய பழுப்பு. சாயத்தின்மேல் குற்றமில்லை. அந்தத் தோலின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருந்திருக்கிறது. சாயம் அதைத் தாண்டவே இல்லை. அன்றிலிருந்து எதைக் கையில் எடுத்தாலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இது உள்ளே இறங்குமா, மேலே நிற்குமா? இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

தோல் ஒரு நார்ச் சிக்கல்

துணியில் நூல்கள் நெடுக்காகவும் குறுக்காகவும் ஒழுங்காக ஓடும். வெட்டினால் ஓரத்தில் பிரியும். தோலை வெட்டினால் ஓரம் பிரியாது. ஏனென்றால் அதில் ஓடுவது வரிசையான நூல்கள் இல்லை. எல்லாத் திசையிலும் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்ட நார்கள். நாரால் செய்த தடித்த மிதியடி ஒன்றைப் பிடித்து இரண்டாகப் பிளந்தால் உள்ளே எப்படி இருக்கும்? ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் மிக மிக நுண்மையாக. இந்த நார்கள் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை.

மேல்புறத்தில், முடி முளைத்திருந்த பக்கத்தில், நார்கள் மெல்லியதாகவும் நெருக்கமாகவும் இருக்கும். அதுதான் வழவழப்பான முகம். கீழே போகப் போக நார்கள் தடித்து, பின்னல் தளரும். உள்பக்கம் பூப்பூவாக இருப்பது அதனால்தான். அந்தத் தளர்ந்த பக்கத்தையே தேய்த்து வெளியே காட்டினால் அதற்கு ஸ்வேட் (suede) என்று பெயர். வழவழப்பான முகத்தை லேசாகத் தேய்த்து மென்மயிர் எழுப்பினால் அது நுபக். இவை இரண்டிலும் மெழுகு பாலிஷ் போடக்கூடாது. எழுந்து நிற்கும் நார்கள் ஒட்டிப்போய்ப் படுத்துவிடும். இவற்றுக்கு பிரஷ்தான். இனி வருவதெல்லாம் வழவழப்பான தோலைப் பற்றி.

பதனிடுவது எதற்கு?

உரித்த தோலை அப்படியே விட்டால் ஈரத்தில் அழுகும், காய்ந்தால் பலகைபோல் விறைக்கும். நார்களுக்கு நடுவே வேறொரு பொருளைச் செலுத்தி, அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து, அழுகாமல் ஆக்குவதுதான் பதனிடுதல். மரப்பட்டை, கடுக்காய் போன்றவற்றில் இருக்கும் துவர்ப்புப் பொருளான டானினால் செய்தால் அது தாவரப் பதனீடு. குரோமியம் உப்பால் செய்தால் குரோம் பதனீடு. முதலாவது மிகப் பழையது, பழைய குழி முறையில் மாதக்கணக்கில் இழுக்கும். இரண்டாவது அமெரிக்காவில் 1884-இல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் பெற்ற காப்புரிமைக்குப் பிறகுதான் தொழிற்சாலைகளுக்குள் பரவியது. ஓரிரு நாளில் முடிந்துவிடும். இன்று உலகில் தயாராகும் தோலில் பெரும்பகுதி குரோம் தோல்தான். உங்கள் பூட்ஸின் மேல்தோலும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

வீட்டில் வேலை செய்கிறவருக்கு இந்த வேறுபாடு எங்கே உறைக்கும்? தாவரத் தோல் நீரைக் குடிக்கும், நனைத்து அழுத்தினால் அந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும், விளிம்பைத் தேய்த்தால் கண்ணாடிபோல் ஆகும். குரோம் தோல் மென்மையாக இருக்கும், நனைந்தாலும் தன் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும், விளிம்பு எவ்வளவு தேய்த்தாலும் பஞ்சுபோல் எழும். வெட்டிய ஓரத்தின் நடுப்பகுதியில் நீலச் சாம்பல் தெரிந்தால் குரோம், பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் தாவரம். உள்வரை சாயம் ஏறிய தோலில் இந்தச் சோதனை உதவாது.

அப்புறம் சூடு. பச்சைத்தோலின் கொலாஜன் வெந்நீரில் 60 முதல் 65 டிகிரி செல்சியஸிலேயே சுருண்டுவிடும். தாவரத் தோல் 70 முதல் 85 வரை தாங்கும். நன்றாகப் பதனிட்ட குரோம் தோல் 100-ஐ ஒட்டித் தாக்குப்பிடிக்கும். சுருண்ட நார் மறுபடி நீளாது. நனைந்த பூட்ஸை அடுப்புக்கோ ஹீட்டருக்கோ அருகில் வைக்காதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்: ஈரமும் சூடும் சேர்ந்தால்தான் தோல் சுருங்கும். மேல்தோல் குரோமாக இருந்தாலும், உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் இன்சோல் தாவரத் தோலாக இருக்கலாம். அதுதான் முதலில் பலகையாகி விரிசல் விடும். காகிதத்தைச் சுருட்டி உள்ளே திணித்து, அது ஈரமானதும் மாற்றி, காற்றோட்டத்தில் ஓரிரண்டு நாள் விடுங்கள். வேறு குறுக்குவழி கிடையாது.

இதுவரை பார்த்ததை ஒரு மூச்சில் சொன்னால்: தோல் ஒரு நார்ச் சிக்கல், பதனீடு அந்த நார்களைப் பிணைக்கிறது, எதனால் பிணைத்தார்கள் என்பதைப் பொறுத்துத் தோலின் குணம் மாறுகிறது.

ஒரு சொட்டு நீர் சொல்லும் கதை

பதனிட்ட தோலின்மேல் தொழிற்சாலையில் இன்னொரு வேலையும் நடக்கிறது. சாயம் மட்டும் ஏற்றி விட்டுவிட்டால் அது அனிலின் தோல். துளைகளும் தழும்புகளும் இயல்பாகத் தெரியும். நிறமி கலந்த பூச்சு அடித்தால் முகம் ஒரே சீராக இருக்கும். தழும்புள்ள தோலாக இருந்தால் முகத்தையே தேய்த்து எடுத்துவிட்டு, கெட்டியான பூச்சு அடித்து, செயற்கையாகத் துளை வடிவத்தை அழுத்திவிடுவதும் உண்டு. மூன்றையும் கடையில் "நிஜத் தோல்" என்றுதான் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் சாயம் ஏற்றப் போகிறவருக்கு இவை மூன்று வெவ்வேறு பொருள்கள்.

எது என்று கண்டுபிடிக்க பூட்ஸின் நாக்கை, அதாவது லேஸுக்கு அடியில் மறைந்திருக்கும் பட்டையை, வெளியே இழுத்து விரல் நுனியால் ஒரு சொட்டு நீர் வையுங்கள். ஒரு நிமிடம் பொறுமையாகப் பாருங்கள். அனிலின் தோலில் சொட்டின் அடியில் முதலில் ஒரு கருநிற வளையம் தோன்றும். சொட்டு மெல்லத் தட்டையாகி மறையும். அந்த இடம் ஈரக் கறையாக நின்று, காய்ந்ததும் காணாமல் போகும். பூச்சு அடித்த தோலில் சொட்டு அப்படியே உருண்டு நிற்கும். துடைத்தால் சுவடே இருக்காது. மெழுகு ஏறிய தோலிலும் நீர் உருளும். எனவே முன்பு பாலிஷ் போட்டிருந்தால் அதை எடுத்த பிறகு சோதியுங்கள். இந்த ஒரு நிமிடத்தை அன்று நான் செலவழித்திருந்தால் கால்சட்டை பிழைத்திருக்கும்.

சாயம் வேறு, பெயிண்ட் வேறு

உறிஞ்சும் காகிதத்தில் சிந்திய மையை நினைத்துக்கொள்ளுங்கள். அது நாருக்குள் போய்விட்டது, சுரண்டினாலும் வராது. இரும்புக் கேட்டில் அடித்த பெயிண்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அது மேலே படலமாக நிற்கிறது, சுரண்டினால் உரியும். சாயம் என்பது முதலாவது: திரவத்தில் முழுதாகக் கரைந்து நாருக்குள் போகும் நிறம். பெயிண்ட் இரண்டாவது: கரையாத நிறமித் துகள்களை ஓர் ஒட்டும் பொருள் மேலே பிடித்து வைத்திருக்கும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தானாகவே வருகின்றன. ஒன்று, சாயத்தால் கருமையாக்கத்தான் முடியும். மஞ்சள் தாளில் நீல மை விட்டால் பச்சையாகிறதே, அதுபோல அடியில் இருக்கும் நிறம் கூடவே வரும். பழுப்பைக் கறுப்பாக்கலாம், கறுப்பைப் பழுப்பாக்க முடியாது. வெளிர் நிறம் வேண்டுமென்றால் பெயிண்ட்தான் வழி. இரண்டு, சாயம் நுழைய வேண்டுமென்றால் வாசல் திறந்திருக்க வேண்டும். பழைய மெழுகையும் மேல்பூச்சையும் அசிட்டோன் அல்லது ஐசோபிரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்து எடுப்பது அதற்காக. இரண்டும் சட்டென்று தீப்பிடிக்கும், ஆவி தலையைச் சுற்றவைக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துக் கையுறையோடு செய்யுங்கள்; பக்கத்தில் நெருப்பு கூடாது. தேய்த்துக்கொண்டே போகிற ஆசையையும் அடக்க வேண்டும். பஞ்சில் நிறம் வருவது குறைந்து, மினுமினுப்பு போய், முகம் மங்கலானதும் நிறுத்திவிடலாம். கெட்டிப் பூச்சு அடித்த தோலில் இது முழுதாக நடக்காது. அங்கே சாயத்தை மறந்துவிட்டு, தோலுக்கென்றே வரும் அக்ரிலிக் பெயிண்ட்டை மெல்லிய படலமாக நான்கைந்து முறை அடிப்பதுதான் நல்லது. ஒரே தடித்த படலம் நடக்கும்போது மடிப்பில் வெடிக்கும்.

சாயம் காய்ந்ததும் சுத்தமான வெள்ளைத் துணியால் தேயுங்கள். நாருக்குள் போகாமல் மேலேயே தங்கிவிட்ட தூள் துணியில் வந்துகொண்டே இருக்கும். வராமல் நிற்கும்வரை தேய்க்க வேண்டும். பலர் விட்டுவிடும் படி இதுதான். விட்டதை அப்புறம் சாக்ஸ் காட்டிக்கொடுக்கும்.

தாவரத் தோலுக்கு மட்டும் ஒரு விசித்திரமான கறுப்பு உண்டு. இரும்புக் கம்பிப் பஞ்சை வினிகரில் சில நாள் ஊறப்போட்டு, வடிகட்டி, அந்த நீரைத் தடவினால் தோல் கண் முன்னே சாம்பலாகி, ஊதாவாகி, கறுத்துப்போகும். வெளியிலிருந்து நிறம் எதுவும் வரவில்லை. இரும்பு உப்பு தோலுக்குள் இருக்கும் டானினோடு சேர்ந்து அங்கேயே கறுப்பை உண்டாக்குகிறது. கடுக்காயும் இரும்பும் சேர்ந்த பழைய எழுதும் மையும் இதே வேதியியல்தான். டானின் இல்லாத குரோம் தோலில் இதைத் தடவினால் அழுக்குத் தண்ணீர் தடவியது போலத்தான் இருக்கும். "வினிகர் போட்டால் கறுக்கும்" என்று பாதிச் செய்தியைக் கேட்டுவிட்டு ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர்.

எண்ணெய் தோலுக்கு உணவா?

இல்லை. செத்த தோல் எதையும் சாப்பிடாது. கதவின் கீலுக்கு எண்ணெய் விடுகிறோம். கீல் அதைச் சாப்பிடுவதில்லை, உரசாமல் திரும்புகிறது. தோலிலும் நார்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போனால்தான் வளையும். பதனிட்ட பிறகு தொழிற்சாலையிலேயே எண்ணெயை உள்ளே ஏற்றியிருப்பார்கள். அது நாளடைவில் குறைகிறபோது நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வளைக்கும் இடத்தில் முறிகின்றன. அதுதான் விரிசல். அந்த எண்ணெயை மறுபடி ஈடுகட்டுவதே கண்டிஷனரின் வேலை. முறிந்த நாரை எந்த எண்ணெயும் ஒட்டவைக்காது.

அளவு மிஞ்சினால் தோல் தொளதொளவென்று ஆகும். நிறம் கருக்கும், தையல் துளை பெரிதாகும், அடியில் சோல் ஒட்டியிருக்கும் பசை இளகும். துணியில் பட்டாணி அளவு எடுத்து, தடவி, ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். காலையில் மேலே பிசுபிசுப்பு இருந்தால் அது ஏற்கெனவே போதும் என்று பொருள்.

நீளம் கேட்காதீர்கள், அகலம் கேளுங்கள்

பூட்ஸைப் பெரிதாக்குவது பற்றித்தான் அதிகம் கதை சொல்கிறார்கள். பூட்ஸ், லாஸ்ட் என்கிற பாத வடிவ அச்சின்மேல் தோலை இழுத்துப் போர்த்திச் செய்யப்படுகிறது. விரல் பக்கத்திலும் குதிகால் பக்கத்திலும் உள்ளே விறைப்பான துண்டுகள் இருக்கும். அடியில் சோல் இருக்கிறது. இந்த மூன்றும் நீளாது. அதனால் நீளம் மாறாது. இரு பக்கங்களிலும் இருக்கும் தோலுக்கு மட்டும் கொஞ்சம் இடம் கொடுக்க மனசு உண்டு. கிடைக்கப்போவது சில மில்லிமீட்டர்தான்.

எப்படிக் கிடைக்கிறது? காய்ந்த தோலை இழுத்தால் நார்கள் நிமிரும், விட்டால் பழைய இடத்துக்கே வரும். ஈரத்தில் இழுத்தால் நார்கள் ஒன்றையொன்று தாண்டி வழுக்கும். இழுத்த நிலையிலேயே காயவிட்டால் புதிய இடத்தில் பிடித்துக்கொள்ளும். ஆக, வேலையைச் செய்வது ஈரமோ இழுவையோ தனியாக இல்லை. இழுத்த நிலையில் காய்வது. நீட்டுவதற்கென்று விற்கும் திரவத்தில் ஆல்கஹாலும் நீரும் இருப்பது, ஆல்கஹால் நீரைச் சட்டென்று நாருக்குள் கொண்டுபோவதால்.

திருகு வைத்த மரக் கட்டையை உள்ளே வைத்து, இடிக்கும் இடத்தை ஈரமாக்கி, திருகை இறுகும்வரை திருப்பிவிட்டு, அதற்குமேல் கால் சுற்று மட்டும். ஒரு நாள் முழுக்க விடுங்கள். போட்டுப் பாருங்கள். போதவில்லையென்றால் மறுபடி கால் சுற்று. முதல் நாளே மூன்று சுற்று திருப்பினால் முதலில் விட்டுக்கொடுப்பது தோலாக இருக்காது, தையல்தான். பூச்சு கெட்டியாக இருந்தால் அதுவும் வெடிக்கும்.

பெரிதாக இருக்கும் பூட்ஸைச் சிறிதாக்க வழி உண்டா என்று கேட்பார்கள். தோலைச் சுருக்க முயலாதீர்கள். உள்ளே இன்னொரு இன்சோல் போடுங்கள். அவ்வளவுதான்.

வெட்டுவது, சீவுவது, தைப்பது

உயரத்தைக் குறைப்பது, கிழிந்த பட்டையை மாற்றுவது, பக்கத்தில் எலாஸ்டிக் வைப்பது எல்லாம் இங்கே வரும். வெட்டிய தோல் மறுபடி வளராது என்பதால் முதலில் காகிதத்தில் வெட்டி, பூட்ஸில் டேப்பால் ஒட்டிப் பார்த்து, காலில் போட்டு நடந்தும் பாருங்கள்.

இரண்டு தோல் ஒன்றன்மேல் ஒன்று சேரும் இடம் தடிக்கும். தடித்தால் காலை உறுத்தும். அதனால் ஓரத்தை உள்பக்கமாகச் சரிவாகச் சீவி, ஏறக்குறைய பாதித் தடிமனுக்குக் கொண்டுவருவார்கள். பென்சில் சீவுவதுபோலத்தான், ஆனால் கத்தி சவரக்கத்தியின் கூர்மையில் இருக்க வேண்டும். மொட்டைக் கத்தி தோலைச் சீவாது; கவ்விப் பிடித்து இழுத்து ஓட்டை போடும்.

தையலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும். தையல் மெஷினில் மேல்நூலும் கீழ்நூலும் தோலின் நடுவில் ஒன்றையொன்று கொக்கிபோட்டு நிற்கும். ஒன்று அறுந்தால் பக்கத்துத் தையல்களும் தளரும். கையால் போடும் சேணத் தையலில் ஒரே நூல், இரு முனையிலும் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போய்வரும். ஒரு பக்கம் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்கத்து நூல் அதே துளைகளை முழுதாகப் பிடித்துக்கொண்டிருக்கும். தைக்கும் நீளத்தைப்போல நான்கு மடங்கு நூல் எடுத்து, தேன்மெழுகில் இழுத்து, குத்தூசியால் துளை போட்டுத் தையுங்கள். பழைய துளை இருந்தால் அதிலேயே போங்கள். பக்கத்தில் புதிதாகக் குத்தினால் தபால்தலை ஓரம்போல் ஆகி, அந்த வரிசையிலேயே தோல் கிழியும்.

விளிம்பு

வேலை தெரிந்தவர் செய்ததா என்று விளிம்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். தாவரத் தோலில், உப்புத்தாளால் 220, 400, 600 என்று (எண் கூடக் கூடத் தாளின் சொரசொரப்பு குறையும்) படிப்படியாகத் தேய்த்து, லேசாக ஈரமாக்கி, வழவழப்பான மரக்கட்டையால் வேகமாக உரச வேண்டும். ஈரம் நார்களைப் படியவைக்கிறது, உரசலின் சூடு அவற்றை ஒன்றோடொன்று அழுத்திவைக்கிறது. முதலில் கட்டை இழுத்து இழுத்துப் போகும். திடீரென்று ஒரு கட்டத்தில் வழுக்கத் தொடங்கும். கையிலேயே தெரியும், ஓசையும் மாறும். அப்போது விளிம்பு இருண்டு பளபளக்கும். மேலே கொஞ்சம் தேன்மெழுகு தேய்த்தால் முடிந்தது. குரோம் தோலில் இந்தப் பாடெல்லாம் வேண்டாம். மடித்துத் தையுங்கள், அல்லது விளிம்புக்கான பெயிண்ட்டை அடித்து, காயவைத்து, தேய்த்து, மறுபடி அடியுங்கள். உள்ளே இறங்காத இடத்தில் மேலே நிற்பதை நம்புவதுதான் வழி.

பாலிஷ் செய்வது என்ன?

கலங்கலற்ற குளத்தில் முகம் தெரிகிறது. காற்று அடித்து அலை எழுந்தால் தெரிவதில்லை. நீர் மாறவில்லை, பரப்பு மாறியது. தோலின் முகமும் நுண்ணிய மேடுபள்ளம். விழும் ஒளி நாலாபக்கமும் சிதறுகிறது. மெழுகு பள்ளங்களை நிரப்பிச் சமமாக்கினால் ஒளி ஒரே பக்கமாகத் திரும்பும். அதுதான் பளபளப்பு. டப்பாவில் இருக்கும் கரைப்பான் மெழுகை இளக்கித் தடவ உதவிவிட்டு ஆவியாகிறது. தேன்மெழுகு ஏறக்குறைய 63 டிகிரியில் உருகும், மென்மையாக இருக்கும்; கார்னூபா மெழுகு 80 டிகிரிக்கு மேல்தான் உருகும், கெட்டியாக இருக்கும். கண்ணாடிபோன்ற பளபளப்பைக் கொடுப்பது பின்னதுதான். பாலிஷில் கலந்திருக்கும் நிறம் பெரும்பாலும் இந்த மெழுகோடு மேலே நிற்கிறது. கீறலை மறைக்கும், பூட்ஸின் நிறத்தை மாற்றாது.

கண்ணாடிப் பளபளப்பு வேண்டுமென்றால் விரலில் பருத்தித் துணியை இறுக்கிச் சுற்றி, துளி மெழுகு தொட்டு, ஒரு சொட்டு நீர் விட்டு, அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருங்கள். நீர் துணியை மெழுகில் ஒட்டவிடாது. இப்போது வைத்த மெழுகு, முன்பு வைத்ததைக் கலைக்காமல் அதன்மேல் படியும். பத்து நிமிடம் வரை மங்கலாகவே இருக்கும். அப்புறம் ஜன்னலின் சட்டம் அதில் கோடாகத் தெரியத் தொடங்கும்.

இதை விரல் நுனியிலும் குதிகாலிலும் மட்டும் செய்யுங்கள். உள்ளே விறைப்பான துண்டு இருப்பதால் அந்த இரண்டு இடங்களும் வளைவதில்லை. ஆசைப்பட்டு மடிப்பு விழும் நடுப்பகுதியிலும் ஏற்றினால், வாசல்படி இறங்குவதற்குள் அங்கே மெழுகு வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து, பிரஷை மறுபடி எடுக்க வைக்கும்.